படிவம் 4 பொருளாதாரம்: ஒரு பக்க விதித்தாளின் பின்னணி

பள்ளி ஆண்டின் முதல் வாரத்தில் படிவம் 4 (இடைநிலைப்பள்ளியின் நான்காம் ஆண்டு) பொருளாதார மாணவர்களிடம் ஒரு தாள் கொடுத்தனுப்புவேன். வகுப்பில் என்ன எதிர்பார்க்கிறேன், எதற்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்று மலாயில் எழுதிய ஒரு பக்கம் அது. பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். பெரும்பாலும் மறுநாளே வந்துவிடும். ஒருமுறை சுங்கை சிப்புட் சந்தையில் ஒரு மாணவியின் அம்மா என்னை நிறுத்திக் கேட்டார்: "சார், கையெழுத்துப் போட்டுட்டேன். ஆனா அதுல என்ன எழுதியிருக்குன்னு முழுசாப் புரியல. பொருளாதாரம் படிக்க ஏன் சார் இவ்வளவு சட்டம்?"

காய்கறிக் கடை முன்னால் நின்றபடி நான் சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை. எனக்கும் போதவில்லை. அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

முதலில் வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் குவாலா கங்சார் மாவட்டத்தில் இருக்கிறது. எல்பில், கமுனிங் போன்ற ரப்பர்த் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த ஊர் இது. இப்போது பால்மரத்தைவிடச் செம்பனைதான் அதிகம் கண்ணில் படுகிறது. என் வகுப்பில் மலாய், சீன, தமிழ், ஓராங் அஸ்லி (பூர்வகுடி) பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளில் பலர் ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் கணிதம், அறிவியல் எல்லாவற்றையும் தமிழில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்கு வந்தவர்கள். இங்கே மொழிப் பாடங்கள் தவிர ஏறக்குறைய எல்லாமே மலாய். மலாய்மொழித் தேர்ச்சி போதாது என்று புகுமுக வகுப்பில் கூடுதலாக ஓர் ஆண்டு இருந்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

பொருளாதாரம் படிவம் 4இல்தான் தனிப்பாடமாகத் தொடங்குகிறது. முன்பு இதற்கு 'அடிப்படைப் பொருளாதாரம்' என்று பெயர். புதிய பாடத்திட்டம் 2020இல் படிவம் 4க்கு வந்தபோது வெறும் 'பொருளாதாரம்' ஆனது. படிவம் 4இல் அறிமுகம், சந்தை, பணமும் வங்கியும் தனிநபர் வருமானமும். படிவம் 5இல் அரசாங்கமும் பொருளாதாரமும், அப்புறம் உலகப் பொருளாதாரத்தில் மலேசியா. இரண்டு ஆண்டு முடிவில் எஸ்.பி.எம். என்ற மலேசியக் கல்விச் சான்றிதழ்த் தேர்வில் இரண்டு தாள்கள்: ஒன்று விடையைத் தேர்ந்தெடுப்பது, மற்றது எழுதுவது.

'அறிவியல் வகுப்பு கிடைக்காத பிள்ளைக்குப் பொருளாதாரம்' என்ற பேச்சு இந்த ஊரில் இன்னும் ஓயவில்லை. கலைப்பிரிவு, அறிவியல் பிரிவு என்று பிரிக்கும் முறையையே 2020இல் எடுத்துவிட்டார்கள். இப்போது மாணவர்கள் பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனாலும் வீட்டில் அந்தப் பழைய பேச்சைக் கேட்டுவிட்டுத் தலைகுனிந்து வகுப்புக்குள் வரும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். தோட்டத்துப் பிள்ளை அளவுக்குப் பொருளாதாரத்தைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள் இந்த வகுப்பில் குறைவு. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி குறையும் என்பது அதற்கு ஏழு வயதிலேயே தெரியும். சம்பளம் போட்டதும் எந்தக் கடைக் கடனை முதலில் அடைப்பது, எதைத் தள்ளிவைப்பது என்று அம்மாவும் அப்பாவும் பேசுவதைக் கேட்டுக்கொண்டே தூங்கிய பிள்ளை அது. அதற்குத் தெரிந்ததைத் தேர்வுத்தாளுக்குக் கொண்டுபோகச் சொல்தான் இல்லை. என் விதிகளில் பாதிக்கு மேல் இந்த ஓர் இடைவெளியை நிரப்பத்தான்.

அதனால்தான் தாளின் முதல் வரி நோட்டுப்புத்தகத்தைப் பற்றியது. ஒவ்வொரு புதிய கலைச்சொல்லுக்கும் மூன்று பத்தி (நெடுவரிசை) போட வேண்டும். முதல் பத்தியில் மலாய்ச் சொல். இரண்டாவதில் அவரவர் வீட்டு மொழியில் விளக்கம். மூன்றாவதில் அவரவர் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. பாடநூலில் உள்ள எடுத்துக்காட்டை மூன்றாவது பத்தியில் எழுதக்கூடாது.

இரண்டாவது பத்தி எதற்கு என்று சக ஆசிரியர்களே கேட்டிருக்கிறார்கள். தேர்வு மலாயில் இருக்கும்போது தமிழில் எழுதி என்ன பயன்? 'கோஸ் லெபாஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடுகிற அடுத்த சிறந்த ஒன்றுதான் கோஸ் லெபாஸ். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது வாய்ப்புச் செலவு. இலங்கையில் அமையச் செலவு. ஆனால் 'லெபாஸ்' என்பதற்குப் பேச்சு மலாயில் 'அப்புறம்' என்றும் பொருள் உண்டு. அதனால் பிள்ளைகள் 'பொருளை வாங்கிய பிறகு வரும் செலவு' என்று எழுதிவிடுகிறார்கள். மோட்டார் சைக்கிள் வாங்கினால் அதன் பிறகு வரும் பெட்ரோல் செலவு என்று ஒரு மாணவன் அழகாக விளக்கியிருந்தான். எல்லாம் சரியான மலாய், விடை மட்டும் தப்பு. அவனைத் தமிழில் எழுதச் சொல்லியிருந்தால் அந்தத் தப்பு முதல் நாளே தெரிந்திருக்கும். 'லெபாஸ்' என்பதற்கு விட்டுவிடுவது என்ற பொருளும் உண்டு. 'விட்டதன் விலை' என்று எழுதிக்கொண்டவர்கள் பிறகு தடுமாறுவதில்லை.

'பெர்மிந்தாஆன்' இன்னும் சுவையானது. 'மிந்தா' என்றால் கேட்பது. எனவே அப்பாவிடம் கைப்பேசி கேட்பதும் பெர்மிந்தாஆன் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. பொருளாதாரத்தில் அது போதாது. வாங்கும் விருப்பமும் வேண்டும், அந்த விலையைக் கொடுக்கக் கையில் காசும் வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் 'தேவை' என்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சோறும் துணியும் தேவை என்று சொல்லும்போது வருவதும் அதே சொல். மலாயில் அதற்குக் 'கெபெர்லுவான்' என்று தனிச்சொல் இருக்கிறது. இரண்டையும் 'தேவை' என்று எழுதிக்கொண்ட பிள்ளை தேர்வில் இரண்டையும் குழப்பிவிடும். இலங்கைத் தமிழில் சந்தைக்குரிய தேவைக்குக் 'கேள்வி' என்று பெயர், அளிப்புக்கு 'நிரம்பல்'. கேட்பதிலிருந்து பிறந்த சொல் என்பதால் 'கேள்வி' மலாய்ச் சொல்லோடு நன்றாகப் பொருந்துகிறது. என் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் அதைத்தான் எழுதுகிறார்கள். மூன்று நாட்டுத் தமிழும் கலந்து ஒரு நோட்டுப்புத்தகத்தில் இருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

வகுப்பில் வாய்விட்டுப் பேசுவது மலாயில்தான். பக்கத்தில் இருக்கும் சீனப் பிள்ளைக்கும் புரிய வேண்டும் அல்லவா? எழுதும் விடையும் மலாயில்தான். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. ஆகவே பொருளாதார விடையில் ஒரு மலாய் வாக்கியத்தைத் திருத்தி எழுதவைப்பது அந்தப் பிள்ளைக்கு இரண்டு பாடத்துக்கு உதவும். திருத்திய வாக்கியத்தைத் திரும்ப எழுதாமல் அடுத்த பயிற்சியைக் கொடுக்க வந்தால் வாங்க மாட்டேன்.

அடுத்தது வரைபட விதி. பென்சில், அடிக்கோல், வரைபடத்தாள் இல்லாமல் சந்தைப் பாடத்துக்கு வரக்கூடாது. மறந்தவர்களுக்கு என் மேசையில் இருக்கும், எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விலை அச்சுக்கும் அளவு அச்சுக்கும் பெயரிடாத வரைபடத்துக்கு நான் மதிப்பெண் கொடுப்பதில்லை. கோடு எவ்வளவு நேராக இருந்தாலும் சரி. பெற்றோர் சிலருக்கு இது கொடுமையாகத் தெரிகிறது. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், பெயரிடும்போதுதான் எது மாறியது என்று பிள்ளை யோசிக்கத் தொடங்குகிறது.

இதை விளக்க 2022ஐ விடச் சிறந்த ஆண்டு எனக்குக் கிடைத்ததில்லை. பிப்ரவரியில் உக்ரேன் போர் தொடங்கியது. அங்கிருந்து வரும் சூரியகாந்தி எண்ணெய் தடைபட்டது. உலகம் செம்பனை எண்ணெய் பக்கம் திரும்பியது. மார்ச்சில் கச்சாச் செம்பனை எண்ணெய் டன் 7,000 வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டியது. இது கேள்வி கூடியதால் வந்த விலையேற்றம். வரைபடத்தில் கேள்விக் கோடு வலப்பக்கம் நகரும். ஏப்ரல் 28ஆம் தேதி இந்தோனேசியா தன் செம்பனை எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்தது. இப்போது நகர்வது அளிப்புக் கோடு, அதுவும் இடப்பக்கம். இரண்டிலும் விலை ஏறுகிறது. ஆனால் முதலாவதில் விற்பனை அளவு கூடும், இரண்டாவதில் குறையும். 'விலை ஏறியது' என்று மட்டும் எழுதும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தடை மே மாதம் 23ஆம் தேதி நீங்கியது. ஜூலையில் விலை 4,000 வெள்ளிக்கும் கீழே வந்தது. தன் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரத்தின் பழத்துக்கும் கருங்கடல் துறைமுகத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று ஒரு பிள்ளை தன் கையால் வரைந்து பார்க்கும் நாள், ஆசிரியராக நான் காத்திருக்கும் நாள்.

அதே பாடத்தில் இன்னொரு கேள்வியும் கேட்பேன். எண்ணெய் விலை உலகத்தில் இப்படி ஏறி இறங்கும்போது, கடையில் ஒரு கிலோ சமையல் எண்ணெய் பாக்கெட் மட்டும் எப்படி 2.50 வெள்ளியிலேயே நிற்கிறது? அரசு உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும்தான் காரணம். அப்படியானால் சில நாட்களில் அந்தப் பாக்கெட் ஏன் கடையில் கிடைப்பதில்லை? உச்ச வரம்பு விலை, பற்றாக்குறை என்ற இரண்டு சொற்களையும் பாடநூலைத் திறக்காமலே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். எண்ணெய் வாங்க வரிசையில் நின்றவர்கள் அவர்கள்தானே.

இப்போது என் தாளில் மிக முக்கியமான வரிக்கு வருகிறேன். 'வகுப்பில் யாருடைய குடும்ப வருமானமும் கேட்கப்படாது, யாரும் சொல்லவும் வேண்டாம்.'

தனிநபர் வருமானம், செலவு, சேமிப்பு, வரவுசெலவுத் திட்டம் எல்லாம் படிவம் 4 பாடத்தில் இருக்கின்றன. 'உன் குடும்பத்தின் மாத வரவுசெலவை எழுதி வா' என்பதுதான் ஓர் ஆசிரியருக்கு முதலில் தோன்றும் இடுபணி. நானும் என் முதல் ஆண்டுகளில் அதைக் கொடுத்தேன். ஒரு மாணவி மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று கடிதம் வந்தது. பிறகு ஒருநாள் தனியாக என்னிடம் வந்து, அப்பா வேலை இழந்ததை எப்படி எழுதுவது என்று தெரியாமல் வீட்டிலேயே இருந்துவிட்டதாகச் சொன்னாள். தப்பு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து கற்பனைக் குடும்பம்தான். ஊரும் தொழிலும் நான் சொல்லிவிடுவேன், கணக்கு எல்லோருக்கும் ஒன்றே.

அந்தக் கற்பனைக் குடும்பத்தின் எண்கள் மட்டும் உண்மையானவை. குறைந்தபட்சச் சம்பளச் சட்டப்படி 2013இல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 2016இல் 1,000. 2019இல் 1,100. 2022 மே மாதத்தில் 1,500. 2025 பிப்ரவரியிலிருந்து 1,700. அந்த 1,700இல் ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) போன்ற சிறு பிடித்தங்களும் உண்டு. ஆகக் கைக்கு வருவது ஏறக்குறைய 1,500 வெள்ளி. செலவிடக்கூடிய வருமானம் என்ற கலைச்சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா? முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, 221 வெள்ளி போடுகிறார். ஆக மாதம் 408 வெள்ளி சேமநிதிக் கணக்கில் சேர்கிறது. 'அப்பா சம்பளத்துல பிடிச்சிக்கிறாங்க' என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அந்த 221ஐப் பார்த்து வியந்துபோகிறார்கள். சிலர் வீட்டுக்குப் போய்ச் சேமநிதி அறிக்கையைத் தேடி எடுத்துப் பார்த்ததாகச் சொன்னார்கள். அது அவர்கள் வீட்டு விஷயம், வகுப்பில் நான் கேட்பதில்லை.

வருகை, தாமதம் பற்றிய வரிகளைத்தான் பெற்றோர் அதிகம் கேட்கிறார்கள். தோட்டத்திலிருந்து வேனில் வரும் பிள்ளை தாமதமானால் அது அந்தப் பிள்ளையின் குற்றமில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, முதல் பத்து நிமிடத்தில் கரும்பலகையில் இருந்ததைப் பக்கத்துப் பிள்ளையிடம் பார்த்துக்கொள்ளலாம். சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவது வேறு. அதற்குக் கட்டொழுங்கு ஆசிரியர் இருக்கிறார். காரணமில்லாமல் தொடர்ந்து வராவிட்டால் பள்ளி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும். அது எல்லாப் பாடத்துக்கும் பொது, என்னால் நிறுத்த முடியாது.

ஆனால் இதில் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று இருக்கிறது. சில பையன்கள் சனிக்கிழமைக் கூடுதல் வகுப்புக்கு வராமல், உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கப் போகிறார்கள். அதில் கிடைக்கும் காசு வீட்டுக்கு வேண்டியிருக்கிறது. 'படிப்பை விட்டுவிட்டுக் காசுக்கு ஓடுகிறான்' என்று அவர்களைத் திட்டுவது எளிது. நான் சொல்லிக்கொடுக்கும் பாடமே என்னை அப்படித் திட்ட விடுவதில்லை. என் வகுப்புக்கு வந்தால் அவன் விடுவது ஒரு நாள் கூலி. வராவிட்டால் விடுவது ஒரு பாடம். இரண்டுமே விலை. இந்த விலையை நான் மறுத்தால் கோஸ் லெபாஸ் என்ற சொல்லை எந்த வாயால் கற்பிப்பது? அதனால் விதி இப்படி இருக்கிறது: உண்மையைச் சொல்லலாம், தண்டனை இல்லை. ஆனால் திங்கட்கிழமை ஓய்வு நேரத்தில் வந்து, விட்டுப்போன வரைபடத்தை என் முன்னால் வரைந்து விளக்க வேண்டும். இருபது நிமிட வேலை. பொய்க் கடிதம் கொண்டுவந்தால் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

கைப்பேசி பள்ளியில் கூடாது, இது என் விதி இல்லை, பள்ளி விதி. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இரவு ஒன்பது மணிக்கு மேல் நான் எதுவும் அனுப்பமாட்டேன், கேட்டாலும் மறுநாள்தான் பதில். ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் இருக்கின்றன. எனவே குழுவில் மட்டும் அறிவித்துவிட்டு எந்த வேலைக்கும் கெடு வைப்பதில்லை. வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதினால் அந்த வேலைக்கு மதிப்பெண் இல்லை, பார்க்கக் கொடுத்தவருக்கும் இல்லை, ஒரு வாரத்துக்குள் இருவரும் புதிதாக எழுதித் தரலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு எழுதிய விடையும் இதில் அடங்கும். அதன் மலாய் மிக நன்றாக இருக்கும். மூன்றாவது பத்தியில் நம் ஊர் எடுத்துக்காட்டு மட்டும் இருக்காது.

மதிப்பெண் விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை 1 முதல் 6 வரை. 6தான் உயர்ந்தது. ஒரு தந்தை மகனின் அறிக்கையில் 1 என்பதைப் பார்த்துவிட்டு, முதல் நிலை என்று நினைத்து எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். நான் உண்மையைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அதை ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்போது தாளின் அடியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். 3 என்றால் போதுமான அளவு புரிந்திருக்கிறது என்று பொருள். வகுப்பில் மூன்றாம் இடம் என்று பொருளில்லை, யாரையும் யாரோடும் வரிசைப்படுத்தும் எண் அது இல்லை.

எழுத்துத் தேர்வில் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் வினாச்சொல்லைப் படிக்காததால். 'ஞாத்தாக்கான்' என்றால் கூறுக, ஒரு வரி போதும். 'ஹுராய்கான்' என்றால் விரித்து எழுத வேண்டும்: கருத்து, விளக்கம், எடுத்துக்காட்டு. கூறச் சொன்னதற்கு அரைப்பக்கம் எழுதி நேரத்தை இழப்பார்கள், விரிக்கச் சொன்னதற்கு ஒரு வரி எழுதி மதிப்பெண்ணை இழப்பார்கள். எனவே பயிற்சியில் வினாச்சொல்லுக்கு அடியில் கோடு போடாத விடையைத் திருத்தமாட்டேன். எடுத்துக்காட்டு எங்கிருந்து வரும் என்று கேட்டால் நோட்டுப்புத்தகத்தின் மூன்றாவது பத்தியைத் திறக்கச் சொல்வேன்.

ஆண்டு முடிவதற்குள் ஒரு குழு வேலையும் உண்டு. ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் பேசி, இந்த வட்டாரத்தில் பார்த்த ஒரு பொருளாதார முடிவை எழுத வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் கட்டாயம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எடுப்பார். அதைத் தொடங்கிய துன் வீ. தி. சம்பந்தன் 1919இல் இதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நேரத்தில் இழந்தார்கள். 1960இல் சங்கம் உருவானது. தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து பங்குப்பணம் கட்டினார்கள், அந்தப் பணத்தில் தோட்டங்களை வாங்கினார்கள். பற்றாக்குறை, தேர்வு, கைவிட்ட மாற்று, மூலதனம், இலாபப் பங்கு, இந்தப் பாடத்தின் அத்தனை சொல்லும் அந்த ஒரு கதையில் இருக்கின்றன. தாத்தா பாட்டி பங்குப்பணம் கட்டியதைக் கேட்டு எழுதிய பிள்ளைகள், 'மூலதனம்' என்ற சொல்லுக்கு அப்புறம் என்னிடம் விளக்கம் கேட்டதில்லை. இந்த வேலைக்கு மட்டும் பேட்டியைத் தமிழில் எடுக்கலாம், எழுதுவது மலாயில்.

சந்தையில் என்னைக் கேட்ட அந்த அம்மாவுக்கும் மற்றப் பெற்றோருக்கும் என் பக்கமிருந்து இரண்டே வேண்டுகோள். பாடநூலைப் பள்ளியே கடனாகக் கொடுக்கிறது, வரைபடத்தாளும் அடிக்கோலும் மட்டும் வாங்கிக் கொடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையின் நோட்டுப்புத்தகத்தில் இரண்டாவது பத்தியைப் படித்துப் பாருங்கள். அது தமிழில் இருக்கும். படித்துவிட்டு உங்களுக்கே புரியவில்லை என்றால் பிள்ளைக்கும் புரியவில்லை என்று பொருள். அந்தச் சொல்லின் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து அனுப்புங்கள், மறுநாள் நான் திரும்ப நடத்துகிறேன்.